ஓரமாகப் போ என்றால் எவ்வளவு ஓரம்?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில் மாநில நெடுஞ்சாலை வழியாக நான்கு கிலோமீட்டர் போய் வருகிறாள். நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அந்தச் சாலையில் லாரியும் பஸ்ஸும் எப்படி வரும் என்பது தெரியும். தாரை விட்டு இறங்கி ஓரமாகப் போகச் சொல்கிறேன். வலப்பக்கமாகப் போனால் எதிரே வரும் வண்டி தெரியும் என்கிறார் என் மனைவி. எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. வலப்பக்கமாகப் போவது நடப்பவர்களுக்கான யோசனை. மகள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாள், கார் 50இல் வருகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து வரும் கார் அவளை 35 வேகத்தில் நெருங்கும். எதிரே வந்தால் 65. பக்கத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் பார்ப்பார். தவறான பக்கத்தில் வரும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. நீங்களும் அப்படித்தானே திரும்புகிறீர்கள்?

இனி உங்கள் 'ஓரம்'. பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிடுகிறது. மண் ஓரம் பள்ளமாகவே கிடக்கிறது. இறங்கிய சைக்கிள் திரும்ப ஏறும்போது முன்சக்கரம் தார் விளிம்பில் உரசிச் சறுக்கும். அப்போது விழுவது சாலைப் பக்கமாகத்தான். ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்டட்டும். பெற்ற மனதுக்கு இது ஒப்பாது என்று தெரியும். ஆனால் விளிம்பை ஒட்டிப் போகிற சைக்கிளைப் பார்த்தால், எதிரே வண்டி வந்தாலும் இடுக்கில் நுழைந்துவிடலாம் என்றே பின்னால் வருபவருக்குத் தோன்றும். குழி வந்தால் கடைசி நொடியில் வெட்டக் கூடாது. முன்பே பின்னால் பார்த்து, கை காட்டிவிட்டு விலக வேண்டும்.

நின்றிருக்கும் பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே கூடாது. இடப்பக்கம் திரும்பும் லாரியின் பக்கத்தில் நிற்பது அதைவிட ஆபத்து. முன்பகுதி விலகிப் போவது போலத் தெரியும். பின்சக்கரம் உள்வாங்கி மூலையை நெருங்கும். லாரி போகட்டும் என்று பின்னாலேயே நிற்கச் சொல்லுங்கள்.

புத்தகப் பை கேரியரில் இருக்கட்டும், ஹேண்டில்பாரில் வேண்டாம். துப்பட்டாவை முடிந்துகொள்ளட்டும். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் வருவாள் என்றால் மட்கார்டில் ரேடியம் ஸ்டிக்கரும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் தேவை. பள்ளியில் கொடுத்த சைக்கிளைக் கடையில் காட்டி பிரேக்கை இறுக்கினீர்களா?

நீங்கள் ஓட்டுநர் என்பதால் இன்னும் கொஞ்சம். சைக்கிளுக்கு நெருக்கத்தில் ஹாரன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டவர் வலத்தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் ஹேண்டிலும் திரும்பும், அதாவது உங்கள் காரின் முன்னால். தூரத்திலேயே ஒருமுறை அடித்தால் போதும். ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விட்டுத்தான் கார்கள் சைக்கிளை முந்த வேண்டும் என்று 2020இல் விதியாக்கினார்கள். நம் சாலையில் மீட்டர் பார்த்து ஓட்ட முடியுமா என்று கேட்பீர்கள். உங்கள் கார்க் கதவை முழுதாகத் திறந்தாலும் சைக்கிளில் படாமல், அதற்கப்பால் இன்னும் ஓர் ஆள் நிற்கும் இடம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்து அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் பின்னாலேயே போங்கள். பெரும்பாலும் சில நொடிகள்தான்.

நிறுத்தியபின் உங்கள் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் தெரியும். பயணிகளை இடப்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சைக்கிள் எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் பள்ளி வரை போய் வாருங்கள். தார் எங்கே உடைந்திருக்கிறது, எந்த வளைவில் லாரி ஒதுங்காமல் வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வழியில் கேளுங்கள்.