கடனாநதிக் குளங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தாமிரபரணி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், தாமிரபரணியில் சேரும் கடனாநதிப் பாசனம். அணை நிரம்பியது என்று பேப்பரில் வருகிறது, எங்கள் குளத்துக்கு மட்டும் தண்ணீர் வருவதில்லை. அணையை உயர்த்திக் கட்டினால்தான் விடிவு என்கிறார் அப்பா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அணையை உயர்த்தினால் உங்கள் குளம் நிறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாமிரபரணியில் உள்ள பாபநாசம் அணையின் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. 85 அடி உயரமுள்ள கடனா அணையில் சுமார் 350தான். மலையில் மழை இல்லாமல் வினாடிக்கு 100 கன அடி திறந்துவிட்டால் 40 நாளில் காலி. அதற்குள் எந்த நெல் விளையும்? சிவசைலத்துக்கு மேலே நல்ல மழை பெய்தால் அணை விறுவிறுவென ஏறும், திறந்தால் அப்படியே இறங்கும்.

அந்தத் தண்ணீரைப் பிடித்துவைப்பவை குளங்கள்தான். மேல்குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்குளத்துக்கு வரத்து. பல ஊர்களில் பார்க்கிறேன், கலுங்கிலிருந்து, அதாவது குளம் நிரம்பி வழியும் இடத்திலிருந்து, அகலமாக இறங்கும் ஓடையில் முதலில் ஒரு வயல்காரர் வரப்பை நகர்த்தியிருப்பார். அடுத்து வாழைத்தோட்டம். அப்புறம் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை. கீழே வரும்போது ஒரே எட்டில் தாண்டிவிடலாம். குளத்துக்குள்ளே மடைவாய் வரை வண்டல்.

முன்பு நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். மடை திறப்பது, அடைப்பது, முறை வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். அந்த வழக்கம் நின்ற ஊர்களில் கால்வாய்க் கரையில் தினமும் நடந்து பார்க்க ஆளில்லை. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

பயிர் மட்டும் இல்லை. கடனா தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரில் ஊர்க்காரர்கள் காத்துவந்த பறவைகளுக்காக 2005-இல் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் இரை தேடிப் போவது சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும்தான்.

அப்பாவிடம் கேளுங்கள், உங்கள் குளத்துக்கு எந்தக் குளத்தின் மறுகால் வரவேண்டும், ஓடை எந்த வழி என்று. அவர் வயதுக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கும். கார் என்னும் முதல்போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், வைகாசியிலேயே, கிராம வரைபடத்தோடு அந்த வழியில் நடந்து பாருங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே குறுகியிருக்கிறது என்று தெரிந்தால் மனுவில் சர்வே எண்ணோடு எழுதலாம். மேல்குளத்து ஊரிலிருந்தும் இரண்டு பேரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால் சண்டையில்தான் முடியும்.