அந்த வாத்தியாருக்கு ஏன் பேச்சு வரலை?

மதிப்பிற்குரிய ஐயா,

தென்மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 41 பிள்ளைகள். பாதிப் பேர் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். டிசம்பர் வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, பாஸாகத் தேவையானதை மட்டும் தொகுத்த மினிமம் மெட்டீரியல் கொடுத்துவிடுவோம். மனப்பாடப் பாட்டுக்கு 5 மார்க், படத்தைப் பார்த்து எழுதுவதற்கு 5, ரோடு மேப்புக்கு 2, அப்புறம் லெட்டர், விளம்பரம். இப்படிக் கூட்டிக் கூட்டி 35-ஐத் தொட வைத்துவிடுவோம். போன வருடம் எல்லோரும் பாஸ். ஆனாலும் மனசு நிறையவில்லை. சென்ற வாரம் ‘தி லாஸ்ட் லெசன்’ நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, “டீச்சர், கடைசியில அந்த வாத்தியாருக்கு ஏன் பேச்சு வரலை?” என்று கேட்டான். பாடம் முடிக்கிற அவசரத்தில், “அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு” என்று சொல்லிவிட்டேன்.

பாடத்திட்டம் எங்கள் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. பள்ளி நூலகத்துக்கு எளிமையான ஆங்கிலப் புத்தகங்கள் பத்து வாங்கித் தர நினைக்கிறேன். எவை என்று சொல்வீர்களா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பினால் பலன் இருக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தப் பையன் எழுந்து நின்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

பத்து நாளாக என் மேஜையில் தங்கை மகளின் பத்தாம் வகுப்பு ஆங்கில நோட்டு கிடக்கிறது. படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் பயிற்சிக்காகப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள் அதில் இருக்கின்றன. மரம் நடுகிறார்கள், பலூன் விற்கிறார்கள், சிக்னலில் வண்டிகள் நிற்கின்றன. ஒன்பதாவது படத்தில் வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறாள். அதற்குக் கீழே குண்டு குண்டான கையெழுத்தில், “திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்.” எல்லாப் படத்துக்கும் அதே ஐந்து வாக்கியம். சிவப்பு மையில் டிக் போட்டு, ஐந்துக்கு நான்கு கொடுத்திருக்கிறார்கள்.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தெருநாய்க்குட்டி நொண்டினாலே அழுகிறவள். அந்தப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லி யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

முதலில் சில விஷயங்களைத் தள்ளிவிடுகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம், எனக்கு அதில் கருத்து கிடையாது. பாடத்திட்டம் கடினம் என்பதை ஏற்க மாட்டேன். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடம் என்ன? பறக்கப் பயந்து பாறை விளிம்பில் நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சு. தாய்ப்பறவை மீனைக் கவ்விக்கொண்டு கிட்டே வந்து, கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. பசி தாங்காமல் குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, விழுகிறது, பறந்துவிடுகிறது. கோழிக்குஞ்சு பார்த்த எந்தப் பிள்ளைக்கு இது புரியாது? ஆங்கிலத்துக்கு இரண்டு தாள் இருந்ததையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டார்கள். இனியும் பாடத்திட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனை உட்காரச் சொன்னது பெரிய தப்பு. 41 பேரில் ஒருவன் அந்தக் கதைக்குள் போய்விட்டான். எழுத்துக் கூட்டிப் படித்தானோ, நீங்கள் தமிழில் சொன்னதைக் கேட்டானோ, எப்படியோ போய்விட்டான். ஆங்கில ஆசிரியருக்கு வருடத்தில் ஒரு நாள் கிடைக்கிற பாக்கியம் அது. அதைப் போய் வராத கேள்வி என்று சொல்லிவிட்டீர்களே!

அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள், உங்களுக்காக. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அதன் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் பறிபோகிறது. இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு. அங்கே 40 வருடம் ஒரே பள்ளியில் இருந்த வாத்தியார் ஹாமெல், ஆய்வு நாளிலும் பரிசளிப்பு நாளிலும் மட்டும் போடும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி பிரெஞ்சுப் பாடத்துக்கு வருகிறார். ஊர்ப் பெரியவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதையைச் சொல்லும் சிறுவனுக்கு இலக்கண விதி ஒப்பிக்க வரவில்லை. திட்டு விழும் என்று நிற்கிறான்.

ஹாமெல் திட்டவில்லை. உன் மேல் மட்டும் தப்பில்லை என்கிறார். உன்னைப் பெற்றவர்கள் நாலு காசுக்காக உன்னை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பினார்கள். நான் மட்டும் என்ன? பாடம் படிக்க வேண்டிய நேரத்தில் என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற உங்களை அனுப்பினேன். மீன் பிடிக்கப் போக ஆசை வந்தால் உங்களுக்கு லீவு விட்டேன். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வாத்தியார் இதைச் சொல்கிறார்.

மணி பன்னிரண்டு அடிக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், தொண்டை அடைக்கிறது. திரும்பி, பலகையில் தன்னால் முடிந்த அளவு பெரிய எழுத்தில் ‘பிரான்ஸ் வாழ்க’ என்று எழுதிவிட்டுச் சுவரில் தலை சாய்த்துக்கொள்கிறார். போகலாம் என்று கையால்தான் காட்டுகிறார்.

நாடு போனதால் மட்டும் அவருக்குப் பேச்சு அடைத்ததாக நான் நினைக்கவில்லை. 40 வருடம் கையில் இருந்தபோது கொடுக்காமல் விட்டதைக் கொடுக்க இனி ஒரு நாள்கூடக் கிடையாது. உங்கள் கடிதத்தில் ‘மனசு நிறையவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஹாமெல் சொன்னதும் அதைத்தான். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, டீச்சர்.

(அல்சாஸில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மனைச் சேர்ந்த ஒரு வட்டார மொழி. கதை அந்தப் பக்கம் போவதே இல்லை. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாக வளரும் நம் பிள்ளைகளிடம் அவசியம் பேச வேண்டிய சங்கதி. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

எனக்கு ஒரு ஆங்கில வாத்தியார் இருந்தார். 1981, ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம், வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில்தான் கூலி. ‘மை மதர்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். கைடில் இருந்ததை நெட்டுருப் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் அம்மா காலையில் காபி போடுவாள், இரவில் எனக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் காபி கிடையாது.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை, நோட்டை நீட்டிய என் விரலைப் பார்த்தார். “கையில என்னடா?”

“பசை சார். அம்மாகூடப் பெட்டி ஒட்டிட்டு வந்தேன்.”

“அது இதுல எங்க இருக்கு?”

நான் முழித்தேன். அங்கேயே உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுது, போதும் என்றார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போய், “ஒட்டுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?” என்றேன். பேஸ்ட் என்றார். “பசைக்கு?” அதுக்கும் பேஸ்ட்தான் என்றார். ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “மை மதர் பேஸ்ட் மேட்ச் பாக்ஸ் வித் பேஸ்ட்” என்று எழுதினேன். ஒருமைக்கு ஒரு எஸ், பெட்டிகளுக்கு ஒரு இஎஸ் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த இரண்டையும் இன்றுவரை நான் மறந்ததில்லை. அவரே அதற்கு முன் எத்தனையோ தடவை பலகையில் எழுதிப் போட்டிருந்த விதிதான்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒட்டிக்கொண்டே கேட்டவள், “அதுல எம் பேரு வருதா?” என்றாள். “மை மதர்னா நீதாம்மா” என்றேன்.

நீங்கள் மினிமம் மெட்டீரியலையே கொடுங்கள், நான் தடுக்கவில்லை. 35 இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த கதவு திறக்காது. ஆனால் அந்தப் படக் கேள்வியை மட்டும் நெட்டுருவிலிருந்து விடுவித்துவிடுங்கள். பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைத் தன் வாக்கியத்தில் எழுதச் சொல்லி அரசே வைத்த கேள்வி அது. முதலில் தமிழில் சொல்லட்டும். எந்தச் சொல் வேண்டுமோ உங்களிடம் கேட்கட்டும். கேட்ட சொல்லை மட்டும் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு படம், ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. நாற்பத்தொரு வரியும் வேறு வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தப்பை அப்புறம் திருத்தலாம். பாதி வரி எழுதினாலும் மார்க் போடுங்கள்.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். தனியாக அனுப்புகிறேன், அவசரமில்லை. நாளைக்கு முதல் பாடவேளையில் அந்தப் பையனை எழுப்பி, நீ கேட்டது நல்ல கேள்வி, நான்தான் உட்காரச் சொல்லிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அந்த வாத்தியாருக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று அவனையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியதைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள்.