கிறிஸ்துமஸ் மரத்துக்குத் துணி அலங்காரங்கள்: பசையா, தையலா?

கேள்வி: தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிகள் வீட்டில் நிறையச் சேர்ந்திருக்கின்றன. சென்ற ஆண்டு அவற்றை நட்சத்திரமாகவும் மணியாகவும் வெட்டி, பசையால் ஒட்டி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டோம். பாதிக்குமேல் பண்டிகைக்கு முன்பே பிரிந்துவிட்டன. எடுத்து வைத்தவையும் பூசணம் பிடித்துவிட்டன. பிள்ளைகளோடு சேர்ந்து இந்த ஆண்டு செய்பவையாவது நிலைக்க என்ன வழி?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, தங்கள் கைவேலையில் குறை இருந்ததாக எண்ண வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமான மழை என்பதால், நாம் அலங்காரம் செய்ய உட்காரும் மாதங்களில்தான் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீர் வெளியேறினால்தான் இறுகும். குளிரும் ஈரமும் சேர்ந்த அறையில் மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே நெகிழ்ந்தே கிடக்கும். ஆகவே மலையில் வாழும் நாம் துணி அலங்காரங்களைத் தைத்தே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜம்கியையும் பாசிமணியையும்கூட ஊசியால் கோத்துத் தைப்பதே நல்லது.

முதலில் துணியைத் துவைத்து, நன்றாக உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பழைய அழைப்பிதழ் அட்டையில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு உருவத்தை வரைந்து வெட்டி, அதை வைத்துத் துணியில் கோடு போடலாம். நட்சத்திரத்தின் முனைகளைத் திருப்பி எடுப்பது கடினம் என்பதால், பிள்ளைகள் வட்டத்திலோ இதயத்திலோ தொடங்கட்டும். ஃபெல்ட் துணி நெய்யப்பட்டதன்று. அதன் ஓரம் பிரியாது. எனவே இரண்டு துண்டுகளைச் சேர்த்து வெளிப்புறமாகவே, எடுப்பான நிற நூலால் ஓரத்தையல் போட்டுவிடலாம். பருத்தித் துணியானால், கோட்டுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, தொங்கவிடும் நாடாவையும் இடையில் செருகி, மூன்று சென்டிமீட்டர் வாய் மட்டும் விட்டுச் சுற்றிலும் தைக்க வேண்டும். வளைவுகளில் தையலை வெட்டிவிடாமல் சிறு கீறல்கள் போட்ட பிறகு திருப்பினால்தான் உருவம் சுருங்காமல் வரும். முனைகளைத் தள்ளுவதற்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் மழுங்கிய முனை போதும்.

உள்ளே பருத்திப் பஞ்சு வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பூசணத்துக்கு இடமாகிவிடும். பழைய தலையணையிலுள்ள செயற்கைப் பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்து அடையுங்கள்.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்ய விரும்புவோர் நம் மலையில் பலர் உண்டு. துணியின் இழைகளை எண்ணியே தோடர் பெண்கள் போடும் அந்த எம்பிராய்டரி 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்த நிறங்களை வீட்டு மரத்துக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நாம் செய்ததை அப்பெயரில் விற்பது முறையன்று. அசல் வேலை வேண்டுமானால், அவர்களிடமே ஒரு சிறு துண்டு வாங்கி மாட்டுவதுதான் மரியாதை.

பண்டிகை முடிந்ததும் அப்படியே பெட்டியில் போடாதீர்கள். ஜனவரியில் நல்ல வெயிலடிக்கும் நாளில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: துணி அலங்காரங்களுக்கு இடையே பைன் காய்களையும் தொங்கவிடுகிறோம். மழை நாட்களில் அவை மூடிக்கொள்கின்றனவே, ஏன்?
- ஒரு வாசகர், உதகை

பதில்: ஈரம் பட்டால் அதன் செதில்கள் மூடிக்கொள்வதும் காய்ந்தால் விரிவதும் இயல்பு. கணப்புக்கு அருகே, நெருப்புப் படாத தூரத்தில், ஓரிரு நாள் வைத்தால் மீண்டும் விரியும். மரத்தின் மீது மட்டும் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். துணியும் உலர்ந்த காயும் எளிதில் தீப்பற்றும் என்பதால், எல்இடி சரவிளக்கே பாதுகாப்பானது.