லாரன்ஸ் டெய்லரின் சாக் கணக்கு: 132.5ஆ, 142ஆ?

அமெரிக்கக் கால்பந்தின் தற்காப்பு வீரர் லாரன்ஸ் டெய்லரின் சாக் எண்ணிக்கை (பந்தை எறியுமுன் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவரை, வீழ்த்துவதுதான் சாக்) ஒரு தளத்தில் 132.5, இன்னொன்றில் 142 என்று இருப்பதால் அட்டவணையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 132.5 போடுங்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் சாக்கை அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்தான். டெய்லர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தது 1981. அந்த முதல் சீசனின் 9.5ஐயும் கூட்டினால் 142 வரும். அதைத் தனிக் குறிப்பாகக் கொடுங்கள், மொத்தத்தில் கலக்காதீர்கள். அரை எண் பிழையல்ல: இருவர் சேர்ந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி.

1982இல் வெறும் 7.5 என்று பார்த்து மங்கிய ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள், பாவம்! வேலைநிறுத்தத்தால் அணிக்கு 9 ஆட்டங்களே நடந்தன. சிறந்த தற்காப்பு வீரர் விருது அப்போதும் அவருக்குத்தான். உச்சம் 1986: 20.5 சாக், கூடவே எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்) விருது. முந்தைய தலைமுறைத் தற்காப்பு வீரர் டீக்கன் ஜோன்ஸை இதே பட்டியலில் வரிசைப்படுத்த வேண்டாம்; அவர் சாக்கை எண்ணத் தொடங்கும் முன்பே, 1974இலேயே ஓய்வு பெற்றவர்.