விமானச் சக்கரத்தில் போல்ட்டுகளுக்கு மட்டும் காந்தத் துகள் சோதனை ஏன்? சக்கரத்துக்கு ஏன் இல்லை?

காந்தப்புலத்தையும் இரும்புத் துகள்களையும் வைத்து விரிசலைத் தேடும் இந்தச் சோதனை, காந்தம் ஒட்டாத பொருளில் செல்லாது, அவ்வளவுதான். சக்கரத்தின் இரு பாதிகளும் பெரும்பாலும் அலுமினியக் கலவை; அவற்றுக்குச் சுழல்மின்னோட்டச் சோதனை (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசல் தேடுவது), சாய ஊடுருவல் சோதனை (விரிசலுக்குள் சாயம் புகவிட்டுப் பார்ப்பது) எல்லாம் உண்டு. கார்பன் பிரேக் தட்டுகளுக்கும் இது உதவாது. இரு பாதிகளையும் இறுக்கிப் பிடிக்கும் டை போல்ட்டுகள் பொதுவாக எஃகு. அங்கேதான் இதற்கு வேலை.

போல்ட்டைக் கழுவித் துடைத்து, கம்பிச்சுருளுக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். காந்தப்புலம் நீளவாக்கில் ஓடும். குறுக்கே விரிசல் இருந்தால் புலம் அந்த இடத்தில் வெளியே கசியும். மேலே ஊற்றிய எண்ணெயில் மிதக்கும் ஒளிரும் இரும்புத் துகள்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால், மரையின் அடிப்பள்ளத்தில் மயிரிழை போல ஒரு மஞ்சள்பச்சைக் கோடு. தலையும் தண்டும் சேரும் வளைவும் இன்னொரு சந்தேகமான இடம்.

துகள்கள் மரைப்பள்ளத்தில் சும்மா தேங்கியும் கோடு காட்டும். துடைத்துவிட்டு மறுபடி சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உண்மையான விரிசல் என்றால் போல்ட் குப்பைக்குத்தான். ராவிச் சரிசெய்யும் பேச்சே இல்லை.

நீளவாக்கு விரிசலுக்குப் போல்ட் வழியாகவே மின்சாரம் செலுத்தி இன்னொரு முறை பார்ப்பார்கள். அப்புறம் காந்தத்தை நீக்கியாக வேண்டும், இல்லையென்றால் போகிற இடமெல்லாம் இரும்புத்தூளை இழுத்துக்கொண்டிருக்கும்.