சான்றிதழ் இருக்கிறது, புகையும் இருக்கிறது: டீசல் லோடு வண்டிக் கேள்விகள்

புகைச் சான்றிதழ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறினால் கரும்புகை கக்குகிறது. சோதனை பொய்யா? (உசிலம்பட்டி வாசகர்)

பொய்யில்லை, போதாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்கும் சோதனை அது. பாரமும் இல்லை, ஏற்றமும் இல்லை. கணவாயில் டீசல் கூடுதலாகப் பாய்கிறது. அதை எரிக்கக் காற்று போதவில்லை என்றால் கரியாகிறது. முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள், பிறகு இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாயில் கசிவு, அடுத்து டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் இவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

என் வண்டி பிஎஸ்-6, அதாவது புதிய மாசு விதிப்படி வந்தது. புகையே தெரியவில்லை. மாசு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (மேலூர்)

கூடாது. நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. டீசல் வண்டிகளுக்கான நம் புகைச் சோதனை அவற்றை அளப்பதுமில்லை. மதுரை வெயிலில் அவை மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் உருவாக வழி செய்கின்றன. புகைக்குழாயில் அவற்றைச் சுத்திகரிக்கும் வினையூக்கி சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்தால் அது ஆறிவிடுகிறது. ஆய்வகத்தில் தேறிய வண்டி சாலையில் தோற்கலாம் என்பதை 2015-இல், சோதனையின்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகன் கார்களின் விவகாரம் உலகுக்கே காட்டியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் கருவியை வண்டியிலேயே ஏற்றி, ஓட்டி அளந்ததில்தான் முதல் சந்தேகம் எழுந்தது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்குச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை கட்டாயம்.

புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் பில்டரின் விளக்கு அடிக்கடி எரிகிறது. கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்களே? (மாட்டுத்தாவணி)

மார்க்கெட்டுக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம், அப்படித்தானே? சேர்ந்த கரியை எரிக்க அந்த பில்டர் சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். விளக்கு எரிந்ததும் நான்கு வழிச்சாலையில் நிற்காமல் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் சர்வீஸ். கழற்றுவது சட்டவிரோதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2020 கணக்கின்படி, அங்கே பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்கியிருந்தார்கள். அதனால் கூடிய மாசு, ஒழுங்காக ஓடும் 90 லட்சம் பிக்கப்களைக் கூடுதலாகச் சாலையில் விட்டதற்குச் சமம்! இங்கே எத்தனை பேர் செய்கிறார்களோ.

டெஃப் திரவத்துக்குப் பதில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? (திருமங்கலம்)

வேண்டவே வேண்டாம். டெஃப் என்பது தூய யூரியா 32.5 சதவீதம் கலந்த கரைசல்; நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் புகையில் தெளிக்கப்படுவது. உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது; தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.