பாகுப் பதத்தை மட்டும் சொல்லவில்லை

கேள்வி: அக்கா, காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் நன்றாகப் போகிறது. என் பள்ளிக்காலத் தோழியும் போன வருஷம் இதே தொழிலுக்கு வந்தாள். மனகோலம் கேட்டாள். மாவு, வெல்லம், தேங்காய்ப் பல் எல்லா அளவும் சரியாகச் சொன்னேன், பாகுப் பதத்தை மட்டும் சொல்லவில்லை. பாகு இளகலாக இருந்து எல்லாம் நமத்துப்போய், ஒரு கல்யாண வீட்டில் முகம் சுளித்தார்களாம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் கேட்டபோது அதே பதத்தை அரை மணி நேரம் விளக்கினேன். இவளிடம் மட்டும் ஏன் வாய் வரவில்லை? நான் கெட்டவளா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கெட்டவள் இல்லை தங்கச்சி, ஆனால் செய்தது தப்பு.

உங்களுக்கு நடந்தது பலருக்கும் நடப்பதுதான். ஆபிரகாம் டெசர், ஜொனாதன் ஸ்மித் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1980இல் ஒரு சோதனை பற்றி எழுதினார்கள். சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, துப்பு கொடுப்பவர் எளிதான துப்பும் கொடுக்கலாம், கடினமானதும் கொடுக்கலாம். சும்மா விளையாட்டு என்று நினைத்தவரை நண்பருக்குத் தாராளமாக உதவினார்கள். இது உங்கள் திறமையைக் காட்டும் என்று சொல்லி, அதில் அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்றும் தெரிந்த பிறகு, தெரியாத ஆளைவிட நண்பருக்குத்தான் கடினமான துப்பாகக் கொடுத்தார்கள்! தெரியாதவர் ஜெயித்தால் நமக்கு வலிப்பதில்லை, கூட வளர்ந்தவள் நம் தொழிலிலேயே நம்மைத் தாண்டினால் வலிக்கிறது. அவள் தையல் கடை வைத்திருந்தால் நீங்களே ஆள் பிடித்துக் கொடுத்திருப்பீர்கள்.

முன்னுக்கு வர ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை, அந்த ஆசையில்தான் நம் ஊர்க்காரர்கள் கப்பலேறி பர்மா போனார்கள். அங்கே ரங்கூன் முகல் தெருவில் வரிசையாக நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகள், எல்லாருமே வட்டிக்குக் கொடுப்பவர்கள், அதாவது பக்கத்துக் கடைக்காரர்தான் போட்டியாளர். ஆனாலும் ஒருவருக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் இன்னொருவர் கொடுத்தார். அதற்கான வட்டியைக் கோயிலில் கூடிப் பேசி மாதாமாதம் முடிவு செய்தார்கள், நடப்பு வட்டி என்று பெயர். இன்றைக்கு அவருக்குத் தட்டுப்பாடு, நாளைக்கு நமக்கு வரலாம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு ஒழுங்கும் இருந்தது. யாரும் தன் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடவில்லை.

அந்த ஒழுங்கு உங்கள் இருவருக்குள் இல்லை, அதுதான் குறை. எதைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்க மாட்டீர்கள் என்று அவளிடம் பேசிவிடுங்கள். ஆர்டர் தரும் வீடுகளின் போன் நம்பர்கள் உங்களுடையவை, தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், அவளுக்குப் புரியும். ஆனால் சொல்லித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு பாதியை மறைப்பது மட்டும் வேண்டாம். மாட்டேன் என்றிருந்தால் அவள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டிருப்பாள், உங்களை நம்பியதால்தான் அந்தக் கல்யாண வீட்டில் தலைகுனிந்தாள். இதை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று, தை பிறந்தால் சீர்ப் பலகார ஆர்டர் எவ்வளவு குவியும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டுக்குச் செய்வீர்கள்? மிஞ்சும் ஆர்டரைக் கொடுக்க உங்கள் பதத்திலேயே செய்யும் ஒருத்தி பக்கத்தில் இருப்பது உங்களுக்கும் நல்லதுதானே.

போனில் மன்னிப்புக் கேட்காதீர்கள், நேரில் போங்கள். வெல்லத்தை நீங்களே வாங்கிப் போய் அவள் அடுப்பிலேயே பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அவள் கையாலேயே உருட்டச் சொல்லுங்கள். அந்த உருண்டை தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.